வீடா, விடுதியா, அத்தை வீடா? கொரோனாவில் கல்லூரி திறந்தபோது நாங்கள் எடுத்த முடிவு

2021 செப்டம்பர் 1 முதல் கல்லூரிகளைத் திறக்கலாம் என்று தமிழக அரசு அறிவித்ததும் எங்கள் வீட்டில் பல நாள் வேறு பேச்சே இல்லை. நாங்கள் இருப்பது பழனியில். மகள் கோவையில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் இறுதியாண்டு. 2019 ஜூனில் சேர்ந்தவள், 2020 மார்ச்சில் பெட்டியோடு வீடு திரும்பினாள். மூன்று வருடப் படிப்பில் அவள் வகுப்பறையில் உட்கார்ந்தது மொத்தமே ஒன்பது மாதம்தான்.

எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. வர விருப்பமில்லாதவர்கள் ஆன்லைனில் தொடரலாம் என்று கல்லூரி சொல்லியிருந்ததால் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். சிங்காநல்லூரில் என் நாத்தனார் வீட்டில் விட்டால் அங்கிருந்து தினமும் பஸ்ஸில் போய் வரலாம். அல்லது விடுதிக்கே அனுப்பலாம். நாங்கள் விடுதிக்குத்தான் அனுப்பினோம். இப்போது யோசித்தாலும் அதையேதான் செய்வேன். ஆனால் அதே விடுதிக்கு ஆறு மாதம் முன்னால் அனுப்ப மாட்டேன் என்று சொன்னவளும் நான்தான். அதனால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதலில் வீடு. இதன் நல்லது எல்லாருக்கும் தெரியும்: பிள்ளை கண் முன்னால் இருக்கும், செலவு இல்லை, சாப்பாட்டைப் பற்றிய கவலை இல்லை. டேட்டா பெரிய சிக்கலாக இல்லை. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜிபி இலவசமாக அரசே கொடுத்தது. தியரி வகுப்புகளை மொட்டை மாடியில் உட்கார்ந்து எப்படியோ ஓட்டிவிட்டாள்.

ஓட்ட முடியாதது ஆய்வகம். ஒரு நாள் மாலை அவள் போனை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். பியூரெட் என்கிற அளவுக் குழாயிலிருந்து பொட்டாசியம் பெர்மாங்கனேட் சொட்டுச் சொட்டாக விழுகிறது. ஆசிரியர் குடுவையைச் சுழற்றிக்கொண்டே, "இப்ப பாருங்க, லேசா பிங்க் நிக்குதா?" என்று கேட்கிறார். திரையில் எனக்குத் தெரிந்தது வெறும் வெள்ளை. மகளுக்கும் வெள்ளைதான். அந்த வெளிர் நிறம் கலையாமல் நிற்கிற ஒரு சொட்டைக் கண்டுபிடிப்பதுதான் அந்தச் சோதனையே. அளவை ஆசிரியர் சொன்னார், இவள் ரெக்கார்டு நோட்டில் எழுதினாள். மதிப்பெண் வந்தது. கை பழகவில்லை. நாளைக்கு ஒரு மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு வேலைக்குப் போனால், இந்தக் கையை நம்பித்தான் எடுப்பார்கள். பி.காம்., பி.ஏ. படிக்கிற பிள்ளைக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி வரும், அதை ஒப்புக்கொள்கிறேன்.

வீடு என்றால் பத்திரம் என்ற எண்ணமும் 2021 மே மாதத்தில் உடைந்தது. மகள் வாசலைத் தாண்டவே இல்லை. ஆனால் இவர் கடைக்குப் போய் வந்துகொண்டுதான் இருந்தார். இவருக்குத் தொண்டை கரகரத்த மூன்றாம் நாள் மாமியாருக்குக் காய்ச்சல். 74 வயது, சர்க்கரை வேறு. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பி வந்தார். பிள்ளையைப் பூட்டி வைப்பதால் வீடு பூட்டப்பட்டுவிடாது என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

அடுத்தது அத்தை வீடு. பெரியவர்கள் எல்லாரும் முதலில் சொன்ன வழி இதுதான். "அண்ணி, பாப்பாவ இங்க விடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று நாத்தனார் தினம் ஒரு தடவை போன் செய்தாள். வீட்டுச் சாப்பாடு, தனி அறை, சொந்த மனிதர்கள். கேட்கும்போது விடுதியைவிட இதுதான் மேல் என்று தோன்றும். எனக்கும் இரண்டு நாள் அப்படித்தான் தோன்றியது.

மூன்றாவது வழியான விடுதியைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு 2020 டிசம்பர்தான் நினைவுக்கு வந்தது. இறுதியாண்டு மாணவர்களுக்காக அந்த மாதம்தான் தமிழகத்தில் கல்லூரிகளைத் திறக்கத் தொடங்கினார்கள். திறந்த இரண்டு வாரத்துக்குள் சென்னை ஐஐடி வளாகத்தில் நூறு பேருக்கு மேல் தொற்று என்று செய்தி வந்தது, அதில் பெரும்பாலோர் விடுதி மாணவர்கள். அறைக்கு ஒருவர் என்று தங்க வைத்தும் இந்த நிலைமை. மாணவர்கள் எல்லாரும் சாப்பிட ஒரே ஒரு மெஸ்தான் திறந்திருந்தது என்பது பிறகு பேசப்பட்டது. அதன்பின் மெஸ்ஸை மூடி, சாப்பாட்டைப் பொட்டலமாக அறைக்கே கொடுத்தார்கள்.

அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு ஒரே ஒரு கேள்விதான் முக்கியமாகப் பட்டது. பிள்ளை எங்கே, யாரோடு, எவ்வளவு நேரம் முகக்கவசத்தைக் கழற்றி இருக்கும்? வகுப்பில் கழற்றப்போவதில்லை. ஆய்வகத்திலும் இல்லை. தூங்கும்போதும் சாப்பிடும்போதும்தான் கழற்ற வேண்டும். தூங்குவது அறையில், ஒன்றோ இரண்டோ பேரோடு. சாப்பிடுவது? பழைய கணக்கில் நூறு பேரோடு, பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, நாளைக்கு மூன்று வேளை.

2021 பிப்ரவரி 8-ஆம் தேதி மற்ற வருட மாணவர்களுக்கும் கல்லூரி திறந்தபோது பெற்றோர் சம்மதக் கடிதம் கேட்டு வாட்ஸ்அப்பில் வந்தது. நான் வார்டனுக்கு போன் செய்து மெஸ்ஸில் என்ன மாற்றம் என்று கேட்டேன். வாசலில் சானிடைசர் வைத்திருக்கிறோம், வெப்பநிலை பார்க்கிறோம் என்றார். பந்திக்கு எத்தனை பேர் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. கடிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. மார்ச் 23-ஆம் தேதி எல்லாக் கல்லூரிகளையும் மறுபடி மூடிவிட்டார்கள். மே கடைசியில் தினசரித் தொற்றில் கோவை சென்னையையே தாண்டியது. அந்த முறை அனுப்பாததில் எனக்கு வருத்தமே இல்லை.

ஆகஸ்ட்டில் போனில் கேட்கவில்லை, நேரிலேயே போனேன். பெற்றோர் கூட்டம் காலை பதினோரு மணிக்கு. அது முடிந்தும் கிளம்பாமல், ஏற்கனவே வந்து தங்கியிருந்த ஆராய்ச்சி மாணவிகள் சாப்பிடுகிற இரவு ஏழரை மணிவரை இருந்து பார்த்தேன். நீளப் பெஞ்சுகள் எல்லாம் சுவரோரம் அடுக்கி இருந்தன. ஒரு மேசைக்கு இரண்டு நாற்காலி, எதிரெதிராக இல்லாமல் ஒரே பக்கம் பார்த்தபடி. இரண்டு பக்கமும் ஜன்னல்கள் திறந்திருந்தன. எல்லாரும் வந்த பிறகும் ஒரு பந்திக்கு 30 பேர்தான், முக்கால் மணிக்கு ஒரு பந்தி என்று சுவரில் அறை எண்ணோடு பட்டியல் ஒட்டியிருந்தார்கள். முன்பெல்லாம் பிள்ளைகளே கரண்டியை மாற்றி மாற்றிப் பிடிப்பார்களாம். இப்போது ஓர் அக்கா முகக்கவசத்தோடு நின்று ஊற்றினார். தட்டும் டம்ளரும் அவரவருடையது. விருப்பப்பட்டால் டிபன் பாக்ஸில் வாங்கிப்போய் அறையிலோ வராந்தாவிலோ சாப்பிடலாம். அன்று இட்லியும் தக்காளிச் சட்னியும். மூன்று பேர் படிக்கட்டில் தள்ளித் தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பாதி பயம் அந்தப் படிக்கட்டில் போயிற்று.

மீதிப் பாதிக்கு, காய்ச்சல் வந்தால் எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். கீழ்த்தளத்தில் குளியலறையோடு சேர்ந்த இரண்டு அறைகளைத் திறந்து காட்டினார்கள். படுக்கை விரித்து, கெட்டில் வைத்து, தயாராக இருந்தது.

முகக்கவசத்தை எங்கே, யாரோடு கழற்றுவாள் என்ற அந்தக் கேள்வியை அத்தை வீட்டுக்கும் போட்டுப் பார்த்தபோதுதான் முடிவு தெளிவானது. அங்கிருந்து போனாலும் மதியச் சாப்பாடு கல்லூரியில்தான், தோழிகளோடுதான். அதற்கு மேல் நெரிசலான டவுன் பஸ் இரண்டு வேளை. அப்புறம் மாலையில் நேராக வீட்டுக்கு வந்து, முகக்கவசத்தைக் கழற்றி, நாத்தனாரின் மாமனாரோடு ஒரே ஹாலில் உட்கார வேண்டும். அவருக்கு 80 வயது, பைபாஸ் செய்தவர். கல்லூரியில் ஏதாவது ஒட்டிக்கொண்டால் விடுதியில் அது இருபது வயதுப் பிள்ளைகளுக்குள் நிற்கும். அத்தை வீட்டில் அது தினமும் அந்தப் பெரியவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். இதை நாத்தனாரிடம் சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. பிறகு அவளே புரிந்துகொண்டாள்.

தடுப்பூசி பற்றி வீட்டில் ஒரு சண்டை நடந்தது. ஜூலை நடுவில் மகள் கோவிஷீல்டு முதல் டோஸ் போட்டிருந்தாள். இரண்டாவதுக்கு 84 நாள் காத்திருக்க வேண்டும், அக்டோபர்தான் கணக்கு. கோவாக்சின் என்றால் 28 நாளில் முடிந்திருக்கும். அக்டோபர் வரைக்கும் பொறுத்து அனுப்பலாம் என்று இவர் சொன்னார். அந்த வாதம் தவறென்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு டோஸோடு அனுப்பியது துணிச்சலா அவசரமா என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை. மெஸ் ஒழுங்காக இருந்தது, ஆய்வக வகுப்புகளை முதல் மாதமே வைத்திருந்தார்கள், அதனால் அனுப்பினோம்.

ஒரு நிபந்தனை போட்டோம்: வாராவாரம் ஊருக்கு வரக் கூடாது. விடுதியின் பாதுகாப்பெல்லாம் உள்ளேயே இருக்கிறவரைக்கும்தான். உக்கடத்தில் ஏறி மூன்று மணி நேரம் கூட்டமான பஸ்ஸில் வந்து பாட்டி மடியில் படுத்தால் அத்தனையும் வீண். ஆயுத பூஜைக்கு ஒரு தடவை, தீபாவளிக்கு ஒரு தடவை வந்தாள். இரண்டு முறையும் முதல் நான்கு நாள் மாடி அறையில்தான். பாட்டி கீழே முற்றத்திலிருந்து மேலே பார்த்துப் பேசுவார். தீபாவளி அன்று காலையில் எண்ணெய்க் கிண்ணத்தைப் படியில் வைத்துவிட்டு மாமியார் நகர்ந்து நின்றதைப் பார்த்து மகள் அழுதுவிட்டாள். அந்த ஒரு நாளுக்காக விதியைத் தளர்த்தலாமா என்று எனக்கும் ஆசையாக இருந்தது. தளர்த்தவில்லை.

விடுதியிலும் குறைகள் இருந்தன. சுழற்சி முறையில் வகுப்பு நடந்ததால் சில வாரம் மூன்று நாள்தான் வகுப்பு, மெஸ் கட்டணம் மட்டும் முழு மாதத்துக்கு. நவம்பரில் மழை பிடித்ததும் ஜன்னல்களைச் சாத்தத் தொடங்கினார்கள். மகள் சொன்னதும் வார்டனிடம் பேசினேன், பிறகு ஒரு பக்கம் மட்டும் திறந்து வைத்தார்கள். டிசம்பரில் பந்திப் பட்டியலும் மெல்லத் தளர்ந்துபோனது. அதற்குப் பிறகு அவள் டிபன் பாக்ஸோடு வராந்தாவுக்கே போய்விட்டாள்.

2022 ஜனவரியில் ஒமைக்ரான் பரவிக் கல்லூரிகளை மூடியபோது விடுதியில் அவள் இருந்த மாடியில் இரண்டு பேருக்குத் தொற்று இருந்தது. இருவரும் அந்தக் கீழ்த்தள அறைகளில்தான் இருந்தார்கள், சாப்பாடு கதவுக்கே போனது. மகளுக்கு வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் லேசான காய்ச்சல், எங்கள் மாடி அறையிலேயே சரியானது. பாட்டிக்கு எதுவும் வரவில்லை. பிப்ரவரி 1-ஆம் தேதி திரும்பப் போனாள், கடைசி செமஸ்டரின் ஆய்வக வகுப்புகள் முழுவதையும் நேரில் முடித்தாள்.

ஆண் பிள்ளைகள் விடுதி எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆயிரக்கணக்கில் தங்குகிற பெரிய பொறியியல் கல்லூரி விடுதிகளுக்கு என் கணக்கு பொருந்துமா என்பதும் தெரியாது. எங்களுக்கு அமைந்தது ஒரு சின்ன விடுதி, அறைக்கு இரண்டு பேர். எட்டுப் பேர் படுக்கிற பெரிய அறை என்றால், மெஸ் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அனுப்பியிருக்க மாட்டேன். அப்போது மொட்டை மாடி ஆன்லைன் வகுப்போடு சமாளித்துக்கொண்டு, ஆய்வகத்துக்காக மட்டும் பத்துப் பதினைந்து நாள் கோவையில் அறை எடுத்து, நானே கூட இருந்திருப்பேன்.