பிள்ளைகள் இரண்டு, வண்டி ஒன்று: லண்டன் பஸ்ஸில் எது ஏறும்?

பெரியவனுக்கு இரண்டு வயதும் ஒரு மாதமும் ஆனபோது சின்னவள் பிறந்தாள். நாங்கள் அப்போது கிழக்கு லண்டன் மேனர் பார்க்கில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தோம். கார் கிடையாது. கணவர் காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் இரவு ஏழுக்குத்தான் வீடு. தடுப்பூசி, ஈஸ்ட் ஹாம் மளிகைக் கடை, பூங்கா, முருகன் கோயில் என்று எங்கே போனாலும் இரண்டு பேரையும் நான் ஒருத்தியாகவே கூட்டிப் போக வேண்டும். வீட்டில் இருந்தது பெரியவனின் பழைய ஒற்றை பக்கி மட்டும். ஊரில் ஸ்ட்ரோலர் என்கிற தள்ளுவண்டிக்கு இங்கே அதுதான் பெயர்.

அடுத்த ஒன்றரை வருஷத்தில் கடன் வாங்கியும், வாடகைக்கு எடுத்தும், ஒரு தடவை பணத்தைத் தொலைத்தும் எல்லா வழிகளையும் பார்த்துவிட்டேன். வண்டியில் உட்காரும் உரிமை கைக்குழந்தைக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு தேட ஆரம்பித்தேன், அங்கேதான் தப்பு. மூன்று கிலோ குழந்தையை உருட்டிக்கொண்டு, பன்னிரண்டு கிலோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடப்பது என்ன கணக்கு? இதை நான் உணர்வதற்குள் நாலு மாதம் போய்விட்டது.

எல்லோரும் முதலில் பார்ப்பது, இரண்டு இருக்கையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் ஜோடி வண்டியைத்தான். எதிர்வீட்டுத் தோழி இரண்டு வாரம் கடனாகக் கொடுத்தாள். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வண்டி இல்லை. இரண்டு பேருக்கும் வெளியே தெரியும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கலாம், எடை சமமாக இருப்பதால் ஒரு கையாலேயே திருப்பலாம். பூங்காவில் அது தேர்தான். ஆனால் தேர் ஓட மாடவீதி வேண்டும். இந்த வகையில் பல வண்டிகள் 72 முதல் 76 சென்டிமீட்டர் அகலம். இங்கிலாந்து வீடுகளின் உள்கதவுப் பலகை பெரும்பாலும் 76 சென்டிமீட்டர்தான். கீல், சட்டம் எல்லாம் போனால் திறப்பு அதைவிடக் குறையும். என் வீட்டு வாசலைத் தாண்டியது, குளியலறைப் பக்கம் திரும்பவில்லை. ஈஸ்ட் ஹாம் கடைகளில் அரிசி மூட்டை ஒரு பக்கம், முருங்கைக்காய்ப் பெட்டி மறுபக்கம் இருக்கிற சந்தில் நுழைய முடியாமல், ஒரு தடவை வாசலிலேயே நின்று, "அண்ணா, ரெண்டு கிலோ இட்லி அரிசி எடுத்துத் தாங்க" என்று கத்த வேண்டியதாயிற்று. அவரும் முகம் சுளிக்காமல் கொண்டுவந்து தந்தார்.

பஸ்ஸில்தான் இதன் உண்மையான சோதனை. பிரிட்டிஷ் பஸ்களில் சக்கர நாற்காலிக்கென விடப்படும் இடத்துக்குச் சட்டப்படி குறைந்தபட்ச அளவு உண்டு: 130 சென்டிமீட்டர் நீளம், 75 சென்டிமீட்டர் அகலம். பக்கி நிறுத்துவதும் அதே இடத்தில்தான். 76 சென்டிமீட்டர் வண்டியை 75 சென்டிமீட்டர் இடத்தில் வைத்தால் நடைபாதை பக்கம் பிதுங்கும், இறங்குகிற ஒவ்வொருவரும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள். புகபூ டாங்கி மாதிரி சில வண்டிகள் ஒற்றையாக இருக்கும்போது 60 சென்டிமீட்டராகவும், இரட்டையாக விரிக்கும்போது 74 சென்டிமீட்டராகவும் மாறுகின்றன. கெட்டிக்காரத்தனமான வேலைதான், விலையும் அதற்கேற்ப எகிறும். 65 சென்டிமீட்டர் அளவில் ஒடுக்கமான ஜோடி வண்டிகளும் இருக்கின்றன. அவற்றில் குளிர்கால கோட்டோடு இரண்டு பிள்ளைகளைத் திணித்துப் பாருங்கள், புரியும்.

அந்த இடத்தைப் பற்றி இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அது நமக்கான இடம் இல்லை. 2012 பிப்ரவரியில் டக் பாலி என்ற சக்கர நாற்காலிப் பயணி வெதர்பியிலிருந்து லீட்ஸ் போகும் பஸ்ஸில் ஏற முயன்றார். அந்த இடத்தில் ஒரு தாய் தூங்கும் குழந்தையோடு பக்கியை நிறுத்தியிருந்தார். வண்டி மடங்காது என்று சொல்லி அவர் நகரவில்லை, பாலியால் ஏற முடியவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2017 ஜனவரியில் தீர்ப்பு வந்தது: டிரைவர் ஒரு தடவை கேட்டுவிட்டு விட்டால் போதாது, காரணமில்லாமல் மறுத்தால் வற்புறுத்த வேண்டும், தேவைப்பட்டால் பஸ்ஸைச் சில நிமிடம் நிறுத்தியும் வைக்கலாம். லண்டனிலும் சக்கர நாற்காலிக்குத்தான் முன்னுரிமை. அவர்கள் ஏறினால் நாம் வண்டியை மடிக்க வேண்டும், இல்லையா, இறங்க வேண்டும். இதில் எனக்குக் கொஞ்சமும் மனத்தாங்கல் இல்லை. நாம் மடிக்கலாம், அவர்களால் மடிக்க முடியாது. அதனால் எந்த வண்டியைப் பார்த்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: ஓடும் பஸ்ஸில், இரண்டு பிள்ளைகளும் கூட இருக்கும்போது, நான் தனியாக இதை மடிக்க முடியுமா? ஜோடி வண்டியில் முடியாது. இரண்டு பேரையும் வெளியே எடுத்து யாரிடம் கொடுப்பது?

முன்னும் பின்னுமாக, அல்லது மேலும் கீழுமாக இருக்கை வைத்த டேண்டம் வண்டியைத்தான் நான் பணம் கொடுத்து வாங்கினேன். பழைய வண்டி, பேர் வேண்டாம். அகலம் ஒற்றை வண்டி அளவுதான் என்பதால் கதவு, கடை, பஸ் எல்லாவற்றிலும் நுழையும். நியூசிலாந்தின் ஃபில் அண்ட் டெட்ஸ் இந்த மேல் கீழ் அமைப்புக்குப் பேர்போனது. அகலத்தில் மிச்சம் பிடித்ததை நீளத்திலும் எடையிலும் வாங்கிக்கொள்ளும் என்பதைத்தான் கடையில் யாரும் சொல்வதில்லை. தெருவோர நடைபாதையின் விளிம்பில் முன்சக்கரத்தைத் தூக்க ஹேண்டிலை அழுத்தினால், முன்னால் உட்கார்ந்திருக்கும் பெரியவனின் எடை முழுவதும் எதிர்த்து நிற்கும். கீழ் இருக்கையில் இருப்பவருக்குத் தெரிவது மேல் இருக்கையின் அடிப்பக்கமும், போகிற வருகிறவர்களின் முழங்காலும். பெரியவனைக் கீழே போட்டால் தங்கையின் இருக்கையை உதைத்தான். சின்னவளைக் கீழே போடலாம் என்றால் அது முழுக்கச் சாயவில்லை. முதல் ஆறு மாதம் குழந்தை வண்டியில் மல்லாந்து படுக்க வேண்டும் என்பதால், வாங்குவதற்கு முன் எந்த இருக்கை தட்டையாகச் சாயும் என்று கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். நான் போட்டோவைப் பார்த்து வாங்கினேன். இரண்டு மாடி ஏற்றி இறக்க முடியாமல் அந்த வண்டி படிக்கட்டின் அடியிலேயே கிடந்தது, கீழ்வீட்டுக்காரர் தினமும் அதைச் சுற்றிப் போய்த் தன் சைக்கிளை எடுத்தார்.

இந்த இடத்தில் ஓவன் மக்லாரனை நினைத்துக்கொள்வேன். ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் சக்கரத் தாங்கியை வடிவமைத்த பொறியாளர். மகள் கனமான வண்டியோடு பேரப்பிள்ளையைக் கொண்டு திரிகிற சிரமத்தைப் பார்த்து, 1965ல் அலுமினியக் குழாயில் குடை மாதிரி மடங்கும் பக்கியை உருவாக்கினார். எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. இன்று கடைகளில் நிற்கிற 15 கிலோ வண்டிகளைப் பார்த்தால் மனிதர் என்ன சொல்வாரோ.

எனக்கு வழி காட்டியது திண்டுக்கல்லிலிருந்து வந்த வீடியோ கால். "ஏன்டி, ரெண்டையும் உருட்டித்தான் ஆகணுமா? நீ பொறந்தப்ப உங்க அண்ணனுக்கு ரெண்டு வயசு. உன்னை இடுப்புல வெச்சு, அவனைக் கையில புடிச்சு, நான் பஸ் ஏறலையா?" என்றார் அம்மா. "மழை, டயப்பர் பை, அரிசி எல்லாம் இருக்கும்மா" என்றேன். "அதுக்குத்தான் வண்டி இருக்குல்ல. கனமானதை வண்டியில போடு, லேசானதை நீ தூக்கு." நாலு மாதம் ஆராய்ச்சி செய்த எனக்கு அது உறைக்கவில்லை.

மறுநாளே பக்கத்து ஸ்லிங் லைப்ரரிக்குப் போனேன். இங்கே பல ஊர்களில் அப்படி ஒன்று இருக்கும், குழந்தையை மார்போடு கட்டிக்கொள்ளும் துணிகளையும் பட்டைகளையும் சில பவுண்டுக்கு வாடகைக்குத் தருவார்கள், கட்டவும் சொல்லித்தருவார்கள். தூளியில் வளர்ந்த நமக்குத் துணி புதிதில்லை, ஆனால் நடந்துகொண்டே கட்டிக்கொள்வதற்கு விதிகள் உண்டு. குழந்தையின் முகம் எப்போதும் நம் கண்ணில் பட வேண்டும். குனிந்தால் உச்சந்தலையில் முத்தமிடும் உயரத்தில் இருக்க வேண்டும். தாடை நெஞ்சில் அழுந்தவே கூடாது, அழுந்தினால் மூச்சுவழி அடைபடும். நம் கோட்டைக் குழந்தைக்கும் சேர்த்துப் போர்த்தலாம், முகத்தை மூடக் கூடாது. பஞ்சு வைத்த குளிர் உடையோடு உள்ளே கட்டினால் குழந்தை வெந்துவிடும், நம் உடம்புச் சூடே பாதிக் கம்பளி. கீழே விழுந்த பொம்மையை எடுக்க முழங்காலை மடிக்க வேண்டும், இடுப்பை வளைக்கக் கூடாது.

பெரியவன் பழைய ஒற்றை பக்கியில், சின்னவள் என் மார்பில், அரிசி அடிக்கூடையில். 86ஆம் நம்பர் பஸ்ஸில் இல்ஃபோர்ட் போகும்போது ஒரு நாள் சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர் ஏறினார். மகனை இறக்கி இருக்கையில் உட்காரவைத்தேன், இரண்டு கையும் சும்மா இருந்ததால் வண்டி அரை நிமிடத்தில் மடிந்தது. சின்னவள் விழிக்கவே இல்லை. சோதனையில் முழு மதிப்பெண் வாங்கியது இந்த ஏற்பாடு மட்டுமே. மாடிப்படிக்கும் இதுவேதான்: ஒரு கையில் மடித்த வண்டி, இன்னொரு கையில் மகனின் கை.

குறையும் இருக்கிறது. சிசேரியன் ஆனவர்கள் முதல் வாரங்களில் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்கக் கூடாது, தையல் இருக்கும் இடத்தில் பட்டை அழுத்தலாம், டாக்டரிடமோ மிட்வைஃபிடமோ கேட்டுவிட்டுக் கட்டுங்கள். ஜூலை வெயிலில் இரண்டு பேரும் நனைந்துவிடுவீர்கள். குழந்தை ஆறு மாதத்தில் ஏழு கிலோவைத் தாண்டும்போது தோள்பட்டை கணக்குக் கேட்கும்.

அங்கேதான் பக்கி போர்டின் முறை வருகிறது. வண்டியின் பின்னால் கொக்கியில் மாட்டும் சிறு சக்கரப் பலகை, பெரியது அதில் நிற்கும், சின்னது இருக்கைக்கு மாறும். ஸ்வீடனின் லாஸ்கல் கம்பெனியின் பலகையைத்தான் அதிகம் பார்க்கலாம். பெரும்பாலானவை 20 கிலோ வரை தாங்கும், இரண்டு வயதுக்குக் கீழே வேண்டாம். என் மகனுக்கு அது விளையாட்டுச் சாமான், ஏறச் சொல்லிக் கெஞ்சவே வேண்டாம். நமக்கு மட்டும் வேதனை: நமக்கும் ஹேண்டிலுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்பதால் கையை நீட்டி, அடியைச் சுருக்கி, வாத்து மாதிரி நடக்க வேண்டும். இல்லாவிட்டால் முழங்காலுக்குக் கீழே பலகை இடித்துக்கொண்டே வரும். நின்றுகொண்டு தூங்க முடியாது என்பதால் மதியத் தூக்க நேரத்தில் போர்டை நம்பிக் கிளம்பக் கூடாது. தன் வண்டியில் வேறு கம்பெனிப் பலகை மாட்டினால் வாரண்டி செல்லாது என்கிற தயாரிப்பாளர்களும் உண்டு. பஸ்ஸில் மடிக்கும் முன் போர்டைக் கழற்றவோ தூக்கி மாட்டவோ வேண்டும், அதை வீட்டிலேயே பத்து தடவை செய்து பழகுங்கள்.

நடக்கவிடலாமே என்பார்கள். நடக்கவிடலாம், கைப்பட்டை கட்டி. வீட்டிலிருந்து பூங்கா எழுநூறு மீட்டர், எங்களுக்கு நாற்பது நிமிடம். ஒவ்வொரு வாசல் பூனைக்கும் வணக்கம் சொல்ல வேண்டும். திரும்பி வரும்போது கால் வலிக்கிறது என்று நடுரோட்டில் உட்கார்ந்துவிடுவான். நேரம் உள்ள நாளுக்குச் சரி.

ரயில் என்றால் வழித்தடம்தான் வண்டியைத் தீர்மானிக்கும். சுரங்க ரயிலின் 272 நிலையங்களில் மூன்றில் ஒரு பங்கில்தான் தெருவிலிருந்து படியில்லாமல் போகலாம். 2022ல் திறந்த எலிசபெத் லைனில் 41 நிலையத்திலும் படியில்லாத வழி உண்டு, எங்கள் மேனர் பார்க்கும் அதில் ஒன்று. அதனால் நகரத்துக்குள் போக அதையே பிடிப்பேன். கறுப்பு டாக்சி செலவு, ஆனால் வண்டியை விரித்தபடியே ஏற்றலாம்.

இரண்டு பிள்ளைகளுக்கும் ஒன்றரை வயதுக்கும் குறைவான இடைவெளி என்றால் பெரியதுக்கே இன்னும் நிற்கிற வயசு ஆகியிருக்காது, போர்டு உதவாது. தரைத்தளத்தில் வீடும் பக்கத்தில் பூங்காவும் இருந்தால் ஜோடி வண்டிக்கே போங்கள். பஸ்தான் கதி என்றால் இலேசான டேண்டம், போட்டோவை நம்பாமல் நேரில் தள்ளிப் பார்த்து. இடைவெளி இரண்டு வயதோ அதற்கு மேலோ என்றால் புது வண்டிக்குக் காசு போடாதீர்கள். இருக்கிற ஒற்றை வண்டி, ஆறு ஏழு மாதம் வரை ஸ்லிங், பிறகு பழைய போர்டு ஒன்று. எனக்கு ஸ்லிங் வாடகையும் போர்டும் சேர்ந்து ஆன செலவு, அந்த டேண்டத்துக்குக் கொடுத்ததில் கால்வாசி. டேண்டத்தைக் கடைசியில் இரட்டைப் பிள்ளைக்காரர் ஒருவருக்குச் சும்மாவே கொடுத்துவிட்டேன். கீழ்வீட்டுக்காரர்தான் அதைத் தூக்கிக் காரில் ஏற்ற முதலில் ஓடிவந்தார்.