கொம்புச்சா கறுத்துப்போச்சுன்னா டீத்தூளைத் திட்டாதீங்க, முதல்ல குழாயைக் கழட்டிப் பாருங்க

வேலூர்ல வீட்டுக்குக் கொம்புச்சா (சர்க்கரை போட்ட டீயைப் புளிக்க வெச்ச பானம்) போடுறவங்க, குழாய் வெச்ச எவர்சில்வர் டிரம் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

மூணு மாசம் முன்னாடி பஜார்ல ஒரு பாத்திரக் கடையில 10 லிட்டர் டிரம் வாங்கினேன். புளிச்ச பானம் ஊத்தப்போறேன்னு சொல்லித்தான் கேட்டேன். "டிரம்மும் 304, டேப்பும் 304 மேடம், தைரியமா ஊத்துங்க"ன்னாரு கடைக்காரர். 304-ங்கிறது சுலபமாத் துருப்பிடிக்காத எவர்சில்வர் ரகம். 2,900 ரூபா. பில்லு கேட்டதுக்குத் துண்டுச் சீட்டுல தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தாரு. வாங்கிட்டு வந்துட்டேன், அங்கதான் தப்பு பண்ணேன்.

முதல் தடவை நல்ல தேன் நிறம். ரெண்டாவது தடவை மங்கல். மூணாவது தடவை குழாயைத் திறந்தா, டம்ளர்ல பேனா மை மாதிரி நீலக்கறுப்பா இறங்குது. கொம்புச்சா புளிக்கப் புளிக்க வெளுக்கணும். டீயில எலுமிச்சம்பழம் பிழிஞ்சா நிறம் இறங்குமே, அதே கணக்கு. இது தலைகீழா நடக்குது. டீத்தூளை மாத்தினேன், போர் தண்ணியை விட்டுட்டு கேன் தண்ணி ஊத்தினேன், கறுப்பு போகல. அதே டீயைக் கண்ணாடி ஜாடியில தனியா வெச்சேன், அது தேன் நிறத்துலயே இருந்துச்சு. டிரம்முலயே மேலாக் கரண்டியில மொண்டா பழுப்பு, குழாயில பிடிச்சா மை.

விடை சொன்னது எங்க மாமா. பேரணாம்பட்டுல தோல் பதனிடுற ஷாப்புல முப்பது வருஷம் இருந்தவரு. டம்ளரை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தாரு. "எங்கியோ இரும்பு படுது கண்ணு. ஆவாரம்பட்டைத் தண்ணியில ஊறுன தோல்ல ஒரு ஆணி பட்டா இந்தக் கறைதான் பிடிக்கும். கடுக்காயும் அன்னபேதிங்கிற இரும்பு உப்பும் சேர்த்து மை காய்ச்சுவாங்களே, அதேதான்"னாரு. டீயிலயும் அந்தத் துவர்ப்பு இருக்கு.

குழாயைக் கழட்டினோம். உள்பக்கம் முலாம் செதில் செதிலா உரிஞ்சு, மரை முழுக்கத் துரு. காந்தம் வெச்சா டக்குன்னு ஒட்டுது. மூணாவது தடவைப் பானத்துல எங்க அம்மா ரெண்டு டம்ளர் குடிச்சிருந்தாங்க. ஆறு பாட்டில் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருந்துச்சு. ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணிக் கொட்டச் சொன்னேன். இரும்பு கூடப் பரவாயில்ல, முலாம்ல என்ன உலோகம் இருந்துச்சோன்னு நினைச்சாதான் வயித்தைக் கலக்குது.

கடைக்காரர் குழாயைக் கையில கூட வாங்கல. "டேப்பு தண்ணிக்குத்தான், நீங்க இன்னாத்த ஊத்துனீங்களோ"ன்னுட்டாரு. கேட்டா பில் கொடுத்தே ஆகணும். மறுக்கிறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் பண்ணிப் புகார் கொடுத்திருக்கேன்.

காந்தத்தை மட்டும் நம்பாதீங்க, முலாம் பூசின பித்தளை அதுல ஒட்டாது. குழாயை ஒரு ராத்திரி வினிகர்ல ஊறப்போடுங்க. வினிகர் பச்சையாவோ நீலமாவோ மாறினா உள்ள பித்தளை. மாறலன்னா அதுல கொஞ்சம் டீ டிக்காஷன் விடுங்க, கறுத்துச்சுன்னா இரும்பு. புதுசுல முலாம் தாங்கும், எனக்கே முதல் தடவை ஒண்ணும் தெரியல. அதனால ஒவ்வொரு தடவை போடுறப்பவும் உள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. கடையில எனக்குக் கொடுத்தது நீல ரப்பர் வாஷர் போட்ட, பளபளன்னு இருந்த குழாய். அந்த மாதிரி உங்க வீட்டுல இருந்தா இன்னைக்கே கழட்டிடுங்க.