டைட்டானியம் ஃப்ரேமுக்குத் ‘துருக் கோட்டிங்’ போடச் சொன்னால் ஏமாறாதீர்கள்

ஞாயிறு விடியற்காலையில் ஈ.சி.ஆர் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை சைக்கிள் மிதிக்கிற ஆள் நான். பல வருடம் காசு சேர்த்து, போன வருடம்தான் டைட்டானியம் ஃப்ரேம் வாங்கினேன். அதை அசெம்பிள் செய்த கடையில், “கடல்காத்துல போறீங்க சார், ஆன்டி ரஸ்ட் கோட்டிங் போட்டே ஆகணும்” என்றார்கள். 4,500 ரூபாய். மறுபேச்சில்லாமல் கொடுத்தேன்.

டைட்டானியம் துருப்பிடிக்காது. காற்றுப் பட்டதுமே அதன் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் தானாக உருவாகிவிடும். கீறல் விழுந்தாலும் அந்த இடத்தில் மறுபடி படரும். கடல்நீர் ஓடும் குழாய்களையே இதில் செய்கிறார்கள். மீன் குஞ்சுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்து ஃபீஸ் வாங்கியிருக்கிறார்கள் என்னிடம்.

அதுகூடப் போகட்டும். உண்மையில் செய்ய வேண்டிய வேலையைச் செய்யவில்லை. சீட்டைத் தாங்கி ஃப்ரேம் குழாய்க்குள் இறங்கும் அலுமினிய சீட் போஸ்ட்டை ஒரு சொட்டு கிரீஸ்கூட இல்லாமல் செருகியிருந்தார்கள். இரண்டு வேறு உலோகம், நடுவில் வியர்வையும் உப்பும் சேர்ந்தால் பேட்டரி மாதிரிதான். அரிபடுவது டைட்டானியம் அல்ல, அலுமினியம். அரித்தது வெள்ளைப் பொடியாக உப்பி, குழாய்க்குள் இறுகிவிடும்.

பதினோரு மாதம் கழித்து, தம்பி ஓட்டுவதற்காக சீட்டை இறக்கப் பார்த்தேன். போல்ட் கழன்றது, போஸ்ட் அசையவில்லை. கிளாம்ப் ஓரத்தில் காய்ந்த வெற்றிலைச் சுண்ணாம்பு போல ஒரு வெள்ளை வளையம். கடைக்குக் கொண்டுபோனால், “நீங்க மெயின்டெயின் பண்ணல சார்” என்று சொல்லிவிட்டு, பையனைப் பைப் ரெஞ்சு எடுத்துவரச் சொன்னார்கள். கும்பிடு போட்டுவிட்டு வண்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அம்பத்தூரில் தெரிந்த லேத் பட்டறை அண்ணன்தான் காப்பாற்றினார். போஸ்ட்டை மேலே அறுத்து, உள்ளே ஹேக்ஸா பிளேடை விட்டு, ஃப்ரேமில் படாமல் நீளவாக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துச் சுருட்டி எடுத்தார். அரை நாள் ஆனது.

டைட்டானியம் வண்டி வைத்திருந்தால் இன்றைக்கே சீட் போஸ்ட்டை உருவிப் பாருங்கள். துடைத்து, உலோகங்கள் ஒன்றோடொன்று இறுகாமல் தடுக்கும் ஆன்டி சீஸ் பேஸ்ட் தடவி மாட்டுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதே வேலைதான். பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டின் மரைக்கும் அதே பேஸ்ட். கார்பன் போஸ்ட் என்றால் அதற்கென்று விற்கும் கார்பன் பேஸ்ட் மட்டும். ஃப்ரேமுக்குச் சோப்புத் தண்ணீர் போதும்.

அப்புறம் கோட்டிங் காசைத் திருப்பிக் கேட்டேன். “பில்லுல ஜெனரல் சர்வீஸ்னுதானே சார் இருக்கு” என்றார்கள். வீட்டில் எடுத்துப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது.