மண்டூர்ப் பாதையில் ஆட்டோ ஏறுமா?

ஏறும். சாமான் ஏற்றிய என் ஆட்டோ ஏறியது, அசையாமல் நின்றது, அக்கரையில் பத்திரமாக இறங்கியது. இந்த ஒரு பதிலுக்காக 2023 ஆடி மாதம் ஒரு கிழமையாக ஆளாளுக்குக் கேட்டுத் திரிந்தேன். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிச்சத்தை ஆறுதலாக வாசியுங்கள்.

வெளியூர் ஆட்களுக்காக ஒரு விளக்கம். எங்கள் பக்கத்தில் பாதை என்றால் தெரு மட்டுமல்ல. ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு ஆற்றையோ வாவியையோ கடக்கிற மிதவைக்கும் அதுதான் பெயர். "பாதை அக்கரையில நிக்குது" என்று யாராவது சொன்னால் குழம்ப வேண்டாம். மண்டூர்ப் பாதை மட்டக்களப்பு வாவியில் குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் நடுவில் ஓடுவது.

அம்மா பிறந்தது மண்டூரில். 19 வயதில் கலியாணம் முடித்துத் திருகோணமலைக்கு வந்தவர், இந்தப் பயணத்தின்போது அவருக்கு 74. ஓர் ஆடி வெள்ளிக்கு மண்டூர் முருகனிடம் போக வேண்டும் என்று இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பஸ்ஸில் போனால் மட்டக்களப்பில் இறங்கி மாற வேண்டும், அதற்குப் பிறகும் மாற வேண்டும். முழங்கால் விடாது. நான் உப்புவெளியில் சொந்த ஆட்டோ ஓடுகிறவன். ஒருவழிக்கு ஏறத்தாழ 160 கிலோமீற்றர், நம்முடைய வண்டியிலேயே போவோம் என்று முடிவெடுத்தேன். களுவாஞ்சிகுடியில் பட்டிருப்புப் பாலம் இருக்கிறது, அதால் வெல்லாவெளிப் பக்கம் சுற்றியும் மண்டூருக்குப் போகலாம். ஆனால் அம்மா ஒரே பிடியாக நின்றார். "நான் வந்த பாதையிலதான் திரும்பிப் போகணும் மனே." அவர் சொன்னது மிதவையை.

மனைவிக்குத்தான் பயம். அவள் ஊர் ஆலங்கேணி. 2021 நவம்பர் 23 காலையில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறந்ததைப் பக்கத்தில் இருந்து கண்ட ஊர்க்காரி. அன்றையிலிருந்து நீரில் மிதக்கிற எதிலும் அவள் கால் வைத்ததில்லை. மூன்று பேருக்கும் உயிர்காப்பு அங்கி இருந்தால் மட்டும் வருகிறேன் என்றாள். அது நியாயமான நிபந்தனை. நிலாவெளியில் புறாத்தீவுக்குப் படகு விடுகிற மச்சானிடம் மூன்று அங்கிகளை இரண்டு நாளைக்கு வாங்கிக்கொண்டேன். இந்தப் பயணத்துக்கு நான் கொண்டுபோன சாமான்களில் மிக முக்கியமானது அதுதான். நீங்களும் சொந்தமாகக் கொண்டுபோங்கள். கடலோர ஊரில் இருக்கிற நமக்கு அதை இரவல் வாங்குவது பெரிய வேலையில்லை. வாவிதானே, ஆழம் குறைவுதானே என்று நினைக்க வேண்டாம். குறிஞ்சாக்கேணியும் கடல் இல்லை.

அடுத்தது பெற்றோல். அந்த நாட்களில் கியூஆர் பங்கீடு இருந்தது, கைபேசியில் குறியீட்டைக் காட்டினால் கிழமைக்கு இவ்வளவுதான் என்று அளந்து தருவார்கள். போய்வர 14 லீற்றர் தேவை என்று கணக்குப் போட்டு, வியாழன் வரை ஓட்டத்தைக் குறைத்து, தாங்கியை நிரப்பி வைத்தேன். அப்புறம் உதிரிச் சில்லு. டவுனில் ஒரு ரயர் கடையில் ஒட்டுப்போட்டுத் தரச் சொன்னேன். ஒட்டிக் கொடுத்தவர் தண்ணீரில் அமிழ்த்திப் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. அது எங்கே கொண்டுபோய் விட்டது என்று பிறகு சொல்கிறேன்.

வெள்ளி காலை நாலு மணிக்குப் புறப்பட்டோம். கிண்ணியாப் பாலத்தை இருட்டில் கடந்தோம். 396 மீற்றர் நீளம், 2009 ஒக்டோபரில் திறந்தது. சின்ன வயதில் அப்பாவோடு மட்டக்களப்புக்குப் போன பயணம் அந்த இடத்தில் எனக்கு நினைவு வரும். அப்போது கிண்ணியாவில் ஒரு பாதை, உப்பாற்றில் ஒன்று, கங்கையில் ஒன்று, இறால்குழியில் ஒன்று. ஒவ்வொரு துறையிலும் பஸ் வரிசையில் நிற்கும், ஆட்கள் இறங்கி நடப்பார்கள், அவித்த கடலை விற்கிறவர்கள் வருவார்கள். இப்போது அத்தனைக்கும் பாலம். இந்தத் தெருவில் ஓடுகிற எவரும் அந்தக் காத்திருப்பு திரும்பி வர வேண்டும் என்று கேட்க மாட்டார்கள், நானும் கேட்கவில்லை. நோயாளியை வைத்துக்கொண்டு துறையில் நின்றவர்களுக்குத் தெரியும் பாலத்தின் அருமை.

மூதூர், கிளிவெட்டி, வெருகல். வெருகலில் சித்திரவேலாயுதரைத் தெருவில் நின்றே கும்பிட்டுவிட்டு ஓட்டத்தைத் தொடர்ந்தோம். கதிரவெளிக்குக் கிட்ட பின்சில்லில் காற்றுப் போனது. உதிரிச் சில்லை எடுத்தால் அதிலும் பாதிக் காற்றுத்தான். மெதுவாக உருட்டிப் போய் வாகரையில் ஒரு சைக்கிள் கடையில் நிறுத்தினோம். அந்தத் தம்பி ஒட்டைக் கழற்றி, உரசி, திரும்ப ஒட்டி, வாளித் தண்ணீரில் குழாயைச் சுற்றிச் சுற்றி அமிழ்த்திக் காட்டினார். "பாருங்க அண்ணன், ஒரு குமிழியும் இல்ல." முக்கால் மணித்தியாலம் போனது. நீண்ட ஓட்டத்துக்கு முதல் அந்த வாளித் தண்ணீரைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கடையை விட்டு வெளிக்கிட வேண்டும்.

மட்டக்களப்பு, கல்லடிப் பாலம், காத்தான்குடி, ஆரையம்பதி எல்லாம் நல்ல கார்பெற் தெரு, சொல்ல ஒன்றும் இல்லை. சொல்ல வேண்டியது கைபேசி வரைபடத்தைப் பற்றி. அது வாவியின் குறுக்கே ஒரு கோடு போட்டு, பாலத்தில் போவது போல நிமிடக் கணக்கும் காட்டியது. பாதை எப்போது இக்கரையில் நிற்கும், இன்றைக்கு ஓடுகிறதா, காற்று எப்படி, இதெல்லாம் அந்தக் கோட்டுக்குத் தெரியாது. நான் களுவாஞ்சிகுடிச் சந்தியில் நின்ற ஆட்டோக்காரரிடம் கேட்டேன். "ஓடுது அண்ணன், ஆனா மத்தியானத்துக்கு முதல் போயிருங்க. பிறகு கச்சான் கிளம்பிரும்." இரண்டு வசனம். முழுப் பயணத் திட்டமும் அந்த இரண்டு வசனத்தில் இருந்தது. ஆடியில் பின்னேரம் மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் வாவி சுருள ஆரம்பிக்கும். நாங்கள் நாலு மணிக்கு வெளிக்கிட்டதே இதற்காகத்தான். வீட்டில் இருந்து எப்போது புறப்படுவது என்பதைத் துறையிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். வழியில் பஞ்சருக்கு ஒரு மணித்தியாலம் சேர்த்தே எண்ணுங்கள்.

பதினொரு மணிக்குக் குருமண்வெளித் துறை. இரும்பு மிதவை, மேலே தட்டு, இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி, ஓரத்தில் கட்டிய இயந்திரம். ஏழெட்டு மோட்டார் சைக்கிள்கள், ஒரு மூட்டை வெங்காயம், இரண்டு ஆசிரியைகள். எனக்கு முன்னால் மோட்டார் சைக்கிள்கள் போய் ஓரங்களை நிரப்பின. நடுவை ஆட்டோவுக்கு விட்டார்கள்.

ஏற்றுவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஆட்டோக்காரருக்கு இதுதான் தேவை. கரைக்கும் மிதவைக்கும் நடுவில் ஓர் இரும்புத் தட்டை இறக்குவார்கள். மோட்டார் சைக்கிளுக்கு அது அகலம். நமக்கு முன்சில்லு நடுவில், பின்சில்லுகள் இரண்டும் விளிம்புக்குக் கிட்ட. தட்டு ஈரம். வேகமாக ஏறினால் முன்சில்லு தட்டின் உதட்டில் இடித்து ஹாண்டில் திரும்பும். அதனால் எல்லோரையும் இறக்கிவிட்டு, முதல் கியரில், கிளச்சை முழுதாக விடாமல், முன்சில்லை நேராகப் பிடித்தபடி ஏற வேண்டும். என் பின்சில்லு தட்டில் ஏறிய நேரம் மிதவை ஒரு பக்கம் நாலு விரற்கடை தாழ்ந்து திரும்ப நிமிர்ந்தது. அந்தத் தாழ்வுக்குப் பயந்து பிறேக் பிடிக்கக் கூடாது. பிடித்தால் வழுக்கும். நிறுத்திய உடனே கைப் பிறேக், கியரில் விட்டு இயந்திரத்தை அணைத்தல், சில்லுக்கு மரக்கட்டை. கட்டையை நான் வீட்டிலிருந்து இரண்டு கொண்டுபோனேன். பாதையில் இருந்த ஐயாவும் ஒன்று தந்தார்.

அம்மாவை அவர்தான் கையைப் பிடித்து ஏற்றினார். "எந்த ஊர் அம்மா?" என்று கேட்டார். "இந்த ஊர்தான் தம்பி" என்றார் அம்மா. 55 வருடம் திருகோணமலையில் இருந்தவர். பிறகு வழி முழுக்கப் பழைய கதை. அந்தக் காலத்தில் நீண்ட கம்பு ஊன்றித் தள்ளினார்களாம். கலியாணம் முடித்துப் போன அன்றைக்குக் கூறைப்புடவைக் கரை நனைந்ததாம். படுவான்கரையிலிருந்து (வாவியின் மேற்குக் கரை) எழுவான்கரைக்கு (கிழக்குக் கரை) போகிற புள்ளை என்று அவருடைய அம்மா துறையில் நின்று அழுதாராம். அங்கியைப் போட மறுக்கவில்லை. பட்டியை மனைவி இறுக்கிக் கட்டினாள். அவள் கண் மட்டும் அக்கரையை விட்டு அசையவில்லை. இறால் பிடிக்கிறவர்கள் வலை ஊன்றிய கம்புகளுக்கு நடுவால் பாதை மெதுவாகப் போனது. கால் மணித்தியாலம் கூட ஆகவில்லை, இறங்கிவிட்டோம்.

உச்சிப் பூசைக்கு நேரம் இருந்தது. மண்டூர்க் கோவிலைச் சின்னக் கதிர்காமம் என்று சும்மா சொல்லவில்லை. திரைக்கு முன்னால்தான் வழிபாடு. கப்புகனார் என்கிற பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மந்திரம் இல்லாமல் மௌனமாகப் பூசை செய்கிறார். அம்மா மணலில் உட்கார்ந்து எழும்ப மனமில்லாமல் இருந்தார். அன்றிரவு மாமா முறையான ஒருவர் வீட்டில் தங்கினோம். இதையும் திட்டத்தில் சேருங்கள். ஒரே நாளில் திரும்புவது என்று வைத்தால் பின்னேரக் காற்றில் கடக்க வேண்டி வரும், இல்லையென்றால் பட்டிருப்பால் சுற்றி இரவில் 160 கிலோமீற்றர் ஓட வேண்டும். வயதானவர்களோடு இரண்டும் வேண்டாம். அதேபோல் கார்த்திகை, மார்கழி மழைக்கு இந்தப் பயணத்தை வைக்க வேண்டாம். வாவி பெருகினால் துறை எது, வாவி எது என்று தெரியாது. காரோ வானோ வைத்திருப்பவர்கள் முதல் நாளே துறையில் கேட்டுவிட்டு வாருங்கள். நான் ஆட்டோவுக்கு மட்டும்தான் உறுதி சொல்வேன்.

சனி காலை ஏழரைக்குத் திரும்பக் கடந்தோம். வாவி கண்ணாடி மாதிரி. அதே ஐயா, நான் கேட்கும் முன்னமே கட்டையோடு வந்து நின்றார். மனைவி அங்கியைக் கட்டிக்கொண்டு, என் கைபேசியை வாங்கி, முன்பக்கக் கம்பியைப் பிடித்தபடி கடைசி வரை வீடியோ எடுத்தாள். ஆலங்கேணியில் இருக்கும் தங்கைக்கு அனுப்ப வேண்டுமாம்.