பெடல்போர்டைத் திருப்பிப் பார்க்காமல் மீதிப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்

பேஸ் கிதார் வாசிக்கிறவர்கள், அதிலும் முதல் தடவையாகப் பெடல்போர்டு (காலால் மிதித்துச் சத்தத்தை மாற்றும் பெடல்களை வரிசையாகப் பொருத்திய பலகை) கட்டக் கொடுக்கப்போகிறவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எட்டு மாதம் சேர்த்த பணத்தில் நான் ஒரு போர்டு கட்டி வாங்கினேன். அதில் நான் காசு கொடுத்த பவர் சப்ளை இல்லை. நான் கொடுத்த பெடலும் இல்லை. அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று என் ஆம்ப்பின் பிளக்குக்குள் இருந்தது. கட்டியவரின் பெயரை எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும். ஆனால் அவர் என்ன செய்தார், எப்படிச் செய்தார் என்பதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

என்னிடம் இருந்தவை ஐந்து பெடல்கள்: டியூனர், சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கம்ப்ரசர், கீழ் ஸ்தாயியைச் சேர்க்கும் ஆக்டேவ், சத்தத்தை லேசாக ஆடவிடும் கோரஸ், கடைசியில் டிஐ வசதியுள்ள (மிக்சருக்கு நேராக லைன் கொடுக்கும்) ஒரு ப்ரீஆம்ப். ஐந்துக்கும் ஒரே அடாப்டர், அதிலிருந்து கிளை பிரிந்து போகும் ஒரு வயர். கோரஸ் டிஜிட்டல் பெடல். அதைச் செருகினாலே பின்னணியில் கொசு ரீங்காரம் மாதிரி ஒரு மெல்லிய சத்தம் வரும். கட்டித் தருபவரிடம் காட்டியபோது உடனே காரணத்தைச் சொன்னார். "தம்பி, எல்லாமே ஒரே கிரவுண்டில் தொங்குது. டிஜிட்டல் பெடலோட சத்தம் அந்த வழியாத்தான் மத்ததுக்குள்ள வருது. ஒவ்வொரு அவுட்புட்டும் தனித்தனியா பிரிஞ்ச ஐசோலேட்டட் சப்ளை போடுவோம்." கிரவுண்டு என்றால் மின்சாரம் திரும்பிப் போகும் வழி. அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. விஷயம் தெரிந்தவர் என்பதால்தான் நான் முழுசாக நம்பினேன்.

அந்த ஆக்டேவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பாஸ் (Boss) நிறுவனத்தின் ஓசி-2. 1982-ல் வந்து 2003 வரை தயாரிப்பில் இருந்த பழுப்பு நிறப் பெடல். என்னுடையது ஜப்பானில் செய்த ஆரம்பகாலத்துப் பீஸ், பதினான்கு வருடமாக என்னிடம் இருந்தது. பழைய பாஸ் பெடல்கள் சிலவற்றில் ஏசிஏ வகை அடாப்டர் போடச் சொல்லியிருக்கும். அது ஏறக்குறைய 12 வோல்ட் தரும், அதைக் குறைத்துக்கொள்ள பெடலுக்குள்ளேயே ஒரு ரெசிஸ்டரும் டயோடும் உண்டு. பின்னாளில் வந்தவை பிஎஸ்ஏ வகை, நேராக 9 வோல்ட். ஏசிஏ பெடலைத் தனியான ஒரு 9 வோல்ட் அவுட்புட்டில் போட்டால் விளக்கு மங்கலாக எரியும், சத்தமும் சோர்ந்துவிடும். இதை அவரிடம் சொல்லி, ஆக்டேவுக்கு மட்டும் 12 வோல்ட் அவுட்புட் வேண்டும் என்று தாளில் எழுதியே கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்துப் போர்டு வந்தது. பார்க்க அவ்வளவு அழகு. கேபிள்கள் எல்லாம் மூலை மடித்து, கிளிப் போட்டு, கோடு கிழித்தமாதிரி ஓடின. ஆக்டேவை மிதித்தேன். சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. "அண்ணா, 12 வோல்ட்டா கொடுத்தீங்க?" என்று கேட்டேன். "9 போதும் தம்பி, நல்ல சப்ளைன்னா அதுவே இழுத்துக்கும்" என்றார். சந்தோஷத்தில் அதற்குமேல் கேட்கவில்லை. மீதிப் பணத்தை அங்கேயே எண்ணிக் கொடுத்தேன்.

அன்றைக்கே சத்தத்தைச் சிதைத்து முறுக்கேற்றும் ஒரு ஓவர்டிரைவ் பெடலும் வாங்க வைத்தார். பேஸுக்கென்றே மாற்றியமைத்தது என்றார். வீட்டில் போட்டால், டிரைவைத் திருகத் திருக பேஸின் கனத்த அடிச்சத்தம் காணாமல் போகிறது. பின்னர் திறந்து பார்த்ததில் உள்ளே இருந்தது கிதாருக்கான டியூப் ஸ்க்ரீமர் வகைச் சர்க்யூட், பாகங்களின் மதிப்பு எதுவும் மாறவில்லை, மேலே ஸ்டிக்கர் மட்டும் புதுசு. அந்தச் சர்க்யூட் சுமார் 720 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதைத்தான் நன்றாகப் பெருக்கிச் சிதைக்கும், அதற்குக் கீழே போகப் போகப் பெருக்கம் குறைந்துகொண்டே வரும். பேஸின் திறந்த இ தந்தி 41 ஹெர்ட்ஸ். ஐந்து தந்தி பேஸின் பி 31-க்கும் கீழே. கிதாருக்கு அந்தக் குணம் வரம், கூட்டத்தில் தனித்துக் கேட்கும். நமக்கு அடித்தளமே ஆட்டம் கண்டுவிடும். பேஸுக்கு ஓவர்டிரைவ் வாங்குகிறவர்கள் பிளெண்ட் குமிழ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிதையாத சத்தத்தையும் கூடவே கலந்துவிட்டால் அடி அப்படியே நிற்கும். தனியாக ஒரு பிளெண்டர் பெடல் வைத்துக் கலக்கும்போது சத்தம் திடீரென்று மெலிந்தால், இரண்டு வழிகளில் ஒன்றில் ஃபேஸ் (ஒலி அலையின் ஏற்ற இறக்கம்) தலைகீழாகியிருக்கலாம். அதையும் சோதியுங்கள்.

சரி, முதல் கச்சேரிக்கு வருகிறேன். கொசுச் சத்தம் அப்படியே இருந்தது. போதாததற்கு, டிஐயிலிருந்து மிக்சருக்கு லைன் கொடுத்ததும் பெரிதாக ஒரு ஹம், ம்ம்ம் என்று விடாத இரைச்சல். மறுநாள் போர்டையும் ஆம்ப்பையும் தூக்கிக்கொண்டு அவரிடமே போனேன். ஆம்ப்பின் பவர் கேபிள் பழசாகிவிட்டது, அதனால்தான் ஹம் என்றார். புதுக் கேபிளும் பிளக்கும் போட்டார், அதற்கும் தனியாகப் பணம். ஹம் நின்றுவிட்டது. நானும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

கொசுச் சத்தம் மட்டும் போகவே இல்லை. இரண்டு மாதம் பொறுத்து, ஆம்ப் பழுதுபார்க்கும் வேறொருவரிடம் எடுத்துப் போனேன். அவர் போர்டை மேசையில் வைத்துப் பார்த்தார். நான் ஏசிஏ கதையைச் சொன்னதும் ஆக்டேவை ஒருமுறை மிதித்தார். விளக்கு பளிச்சென்று எரிந்தது. "இது பழைய ஏசிஏ பெடல், சப்ளை ஐசோலேட்டட் 9 வோல்ட்னு சொல்றீங்க. அப்படின்னா இது இவ்வளவு வெளிச்சமா எரியக் கூடாதே" என்றார். இரண்டு காரணம்தான் இருக்க முடியும் என்றார். சப்ளையின் கிரவுண்டெல்லாம் உள்ளே ஒன்றாகவே இருக்கலாம். அப்படி இருந்தால் பெடல்களை இணைக்கும் பேட்ச் கேபிள் வழியாக மற்றப் பெடல்களின் கிரவுண்டு கிடைத்து, உள்ளிருக்கும் ரெசிஸ்டரைத் தாண்டிக்கொண்டு பெடல் முழுசாக எரியும். இல்லையென்றால் இது ஏசிஏ பெடலே இல்லை.

இரண்டுமே உண்மையாக இருந்தது.

முதலில் சப்ளை. மெயின் பிளக்கைக் கழற்றினார். சப்ளையிலிருந்து பெடலுக்குப் போகும் எல்லா வயரையும் உருவினார். மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் (இரண்டு முனைகள் இணைந்திருந்தால் பீப் அடிக்கும் நிலையில்) வைத்து, ஒரு வயர் முனையின் நடுத் துளையில் ஒரு கம்பி, அடுத்த வயர் முனையின் நடுத் துளையில் இன்னொரு கம்பி. பெரும்பாலான பெடல்களுக்கு நடுமுனைதான் நெகட்டிவ். நிஜமான ஐசோலேட்டட் சப்ளை என்றால் மீட்டர் மௌனமாக இருக்க வேண்டும். பீப் என்று கத்தியது. எட்டு அவுட்புட்டையும் மாற்றி மாற்றி வைத்தார், எட்டும் கத்தின. மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரே ஒரு ரெகுலேட்டர், எட்டு ஜாக்கும் ஒரே தடத்தில் வரிசையாகப் பற்றவைத்திருந்தன. மேலே ஒவ்வொரு ஜாக்குக்கும் பக்கத்தில் ஐசோலேட்டட் என்று அழகாக அச்சடித்திருந்தது. என் பழைய அடாப்டர் வயர் செய்ததைத்தான் இந்தப் பெட்டியும் செய்துகொண்டிருந்தது. இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். சாதாரண மல்டிமீட்டர் போதும்.

அடுத்து ஆக்டேவ். கட்டியவர் அடியில் வெல்க்ரோவைச் சும்மா ஒட்டாமல், உருக்கிய பசை ஊற்றி ஒட்டியிருந்தார். போர்டிலிருந்து பெயர்த்து எடுத்து, பசையைச் சூடு காட்டி உரித்தோம். கீழே லேபிள் முழுசாக வந்தது: தைவானில் தயாரித்தது, பிஎஸ்ஏ அடாப்டர். பெடலின் திருகைத் தளர்த்தி மிதி பலகையைத் தூக்கிப் பேட்டரி அறையைப் பார்த்தேன். என் பெடலில் அந்த இடத்தில் ஒரு வெள்ளை டேப் ஒட்டி, பேட்டரி மாற்றிய தேதிகளைப் பென்சிலால் எழுதிக்கொண்டே வந்திருந்தேன். இதில் துடைத்து வைத்தமாதிரி வெறுமையாக இருந்தது. தைவான் பீஸும் நன்றாகத்தான் ஒலிக்கிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது என்னுடையது இல்லை. அந்தப் பசை எதற்கு என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

கடைசியாக, நான் கேட்காமலேயே, பழுதுபார்ப்பவர் ஆம்ப்பின் பிளக்கைத் திறந்தார். பச்சையும் மஞ்சளும் கலந்த எர்த் வயர் நக அளவுக்கு வெட்டப்பட்டு, கறுப்பு டேப் சுற்றி, ஓரமாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஹம் நின்றது இதனால்தான். ஆம்ப்புக்கு ஒரு எர்த், மிக்சருக்கு ஒரு எர்த், நடுவில் இரண்டையும் இணைக்கும் என் டிஐ கேபிள். இப்படி ஒரு சுற்று உண்டானால் ஹம் வரும். அதை அறுக்க முறையான வழி டிஐயில் உள்ள கிரவுண்டு லிஃப்ட் ஸ்விட்ச். அது மிக்சருக்குப் போகும் எக்ஸ்எல்ஆர் கேபிளின் 1-ஆம் பின்னில் ஓடும் கிரவுண்டை மட்டும் விடுவிக்கும், ஆம்ப்பின் எர்த்தைத் தொடாது. என் ப்ரீஆம்ப்பின் பக்கவாட்டில் அந்த ஸ்விட்ச் முதலிலிருந்தே இருந்தது. ஒரு விரலால் தள்ளியிருக்கலாம்.

எர்த் இல்லாத ஆம்ப்பில் உள்ளே மின்சாரம் ஓடும் ஏதாவது ஒரு வயர் ஆம்ப்பின் உலோகப் பெட்டியில் பட்டால், மின்சாரம் கேபிள் வழியாக நேராகப் பேஸின் தந்திக்கு வரும். வாசிக்கிறவர் கையில் தந்தி, வாய்க்கு முன்னால் மைக். 1972-ல் ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிதார் கலைஞர் லெஸ்லி ஹார்வி வேல்ஸின் ஸ்வான்சீயில் இப்படித்தான் மேடையிலேயே இறந்தார்: எர்த் இல்லாத மைக்கைத் தொட்டார், மறு கை கிதார் தந்தியில் இருந்தது. நான் வாசித்துக்கொண்டே மைக்கில் துணைக்குரல் பாடுகிறவன். இரண்டு மாதம் அந்தப் பிளக்கோடு மேடையில் நின்றிருக்கிறேன். பணத்தை ஏமாற்றியதைக்கூட ஒருநாள் மறந்துவிடுவேன், இதை என்னால் மன்னிக்க முடியவில்லை. உங்கள் ஆம்ப்பையோ போர்டையோ யாராவது பிளக் மாற்றித் தந்திருந்தால், அடுத்த தடவை போடுவதற்கு முன் தெரிந்தவரிடம் கொடுத்து எர்த்தைச் சோதித்துவிடுங்கள்.

அப்புறம் பெடல்களின் வரிசை. கேபிள் நேராகப் போக வேண்டும் என்பதற்காகக் கட்டியவர் கோரஸை ஆக்டேவுக்கு முன்னால் வைத்திருந்தார். ஓசி-2 ஒரு நேரத்தில் ஒரு சுரத்தைத்தான் பிடிக்கும். அதற்குள் ஆடிக்கொண்டே வரும் சத்தம் போனால் தடுமாறும், ஏப்பம் விடுகிறமாதிரி உடையும். இப்போது டியூனர், கம்ப்ரசர், ஆக்டேவ், கோரஸ், ப்ரீஆம்ப் என்று போட்டிருக்கிறேன். கம்ப்ரசர் முன்னால் இருப்பதால் ஆக்டேவுக்குச் சமமான சத்தம் போகிறது. என்வலப் ஃபில்டர் (வாசிக்கும் அழுத்தத்துக்கு ஏற்ப தொனியை மாற்றும் பெடல்) வைத்திருப்பவர்கள் மட்டும் அதைக் கம்ப்ரசருக்கு முன்னால் வையுங்கள். விரல் அழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் கேட்டுத்தான் அது திறந்து மூடும், கம்ப்ரசர் அதைச் சமப்படுத்திவிட்டால் அதற்கு வேலையே இல்லை.

கட்டியவரிடம் நேரில் போய்க் கேட்டேன். "அண்ணா, என் ஆக்டேவ் எங்கே?" நான் கொடுத்தது இதுதான் என்று சாதித்தார். சில வருடம் முன்பு ஜாக் மாற்றியபோது வாங்கிய ரசீதை எடுத்து வைத்தேன், அதில் சீரியல் நம்பர் இருக்கிறது. அதற்குப் பிறகு குரல் மாறியது. பாதிப் பணம் தருகிறேன், வெளியே சொல்லாதே தம்பி என்றார். பணம் வேண்டாம், பெடலைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். இதுவரை வரவில்லை. பெடல்களைக் கொடுக்கும்போதே ஒவ்வொன்றின் அடிப்பக்கத்தையும் படம் எடுத்து, சீரியல் நம்பரை எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கியிருந்தால், இந்தப் பேச்சே வந்திருக்காது.

ஜப்பானில் செய்த ஓசி-2 ஒன்று உங்களிடம் விற்பனைக்கு வந்தால், தயவுசெய்து மிதி பலகையைத் தூக்கிப் பாருங்கள். பேட்டரி அறையின் இடது சுவரில் வெள்ளை டேப், அதில் பென்சிலால் தேதிகள். டேப்பை உரித்திருந்தாலும் அதன் பசைத் தடம் இருக்கும். டைரக்ட் லெவல் குமிழின் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு உண்டு. பார்த்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள்.