சித்தியின் ஈ.பி.எஃப்பும் மூன்று ஆபீஸ்களும்

லண்டனிலிருந்து ஊருக்கு, அதாவது இலங்கைக்கு, போகிறவர்கள் விசாரிக்கும் விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் சிம் கார்டு உடனே கிடைத்தது. ஹட்டன் பஸ் அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை என்று வளைந்து வளைந்து ஏறியது. கண்டக்டர் மிச்சக் காசைக் கேட்காமலே கொடுத்தார். அதுவரைக்கும் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

தேயிலைத் தோட்டத்தில் சித்தியின் பிரச்சினை காத்திருந்தது. ஆயுசில் பாதிக்கு மேல் கொழுந்து பறித்தவர். வேலையை விட்டு வருஷக்கணக்காகியும் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) பணம் கைக்கு வரவில்லை. சம்பளத்தில் 8 வீதம் அவருடைய காசு, 12 வீதம் கம்பெனி கட்டுவது. பெண்கள் வேலையை விட்டால் 50 வயதிலேயே எடுக்கலாம். சித்திக்கு அறுபது தாண்டிவிட்டது.

சிக்கல் பெயரில். தோட்டத்து வருகைப் பதிவேடான செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று. 1948 குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய லட்சக்கணக்கான மலையகத் தமிழரில் எங்கள் குடும்பமும் உண்டு. 2003-இல் புதுச் சட்டம் வந்த பிறகுதான் சித்தி இந்த நாட்டுப் பிரஜை ஆனார். அடையாள அட்டை எடுத்ததும் அப்புறம்தான். கணக்கப்பிள்ளை காதில் விழுந்தபடி எழுதிவைத்த பெயரில் அதற்குள் பாதிக் காலம் உழைத்தாகிவிட்டது.

பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிக்காகப் பிரதேச செயலகம் போனோம். நுவரெலியா மாவட்டத்துப் பிரதேச செயலகங்கள் சிங்களத்திலும் தமிழிலும் நடக்க வேண்டும் என்று 1999-லேயே வர்த்தமானி வந்தாயிற்று. கவுண்டரில் கொடுத்த படிவம் சிங்களத்தில் மட்டும் இருந்தது. தமிழ்ப் படிவம் முடிந்துவிட்டதாம். சித்தி கையைக் கட்டிக்கொண்டு "மாத்தியா, மாத்தியா" என்று நின்றார். அந்த இளைஞன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், சிங்களத்தில் நாளைக்கு வரச் சொன்னான். சித்தியின் பேரன் வயசு இருக்கும் அவனுக்கு. நான் முன்னால் போய் இங்கிலீஷில் இரண்டு வாக்கியம் பேசினேன். உடனே ஒரு நாற்காலி வந்தது. எனக்கு! சித்தியை அதில் உட்காரச் சொன்னால், "நீ இரு மவன், நான் நிப்பேன்" என்கிறார். முடிந்துபோன தமிழ்ப் படிவமும் எங்கிருந்தோ வந்துவிட்டது. காரியம் ஆனதில் சந்தோஷப்படத்தான் வேண்டும். ஆனால் என் ஜாக்கெட்டும் இங்கிலீஷும் இல்லாமல் அந்தக் கவுண்டருக்கு வருகிறவர்கள்தானே அந்த மாவட்டத்தில் பெரும்பான்மை.

அடுத்தது தோட்டத்து ஆபீஸ். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று தோட்டத்து மேனேஜரான துரை கடிதம் தர வேண்டும், அதோடு சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசியும் (அஃபிடவிட்) வேண்டும். சித்தி வழக்கம்போல வெளியே ஜன்னலண்டையில் நின்றுகொண்டார். என்னை உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தார்கள். தோட்டத்து டீதான், ஆனால் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) குடிக்கிற தூள் டீ மாதிரி இல்லை, நல்ல வாசம். மேசை ஓரத்தில் ரப்பர் பேண்ட் போட்ட தபால் கட்டு ஒன்று கிடந்தது. லயத்துக் காம்பராக்களுக்குத் தனி முகவரி கிடையாது; யாருக்கு என்ன கடிதம் வந்தாலும் ஆபீசில்தான் இறங்கும். யாராவது கேட்டால் அல்லது கிளார்க்குக்கு ஞாபகம் வந்தால் கைக்கு வரும். கட்டைப் புரட்டினேன், ஒருவரும் தடுக்கவில்லை. நடுவில் சித்தி பெயருக்குத் தொழில் திணைக்களத்திலிருந்து வந்த கடிதம். முத்திரையில் போன வருஷத் தேதி. ஓரம் கிழிந்து, உள்தாள் நான்காக மடிந்து வெளியே எட்டிப் பார்த்தது. "இன்ன ஆவணங்களோடு வாருங்கள்" என்பதுதான் விஷயம். கிளார்க் வருத்தப்பட்ட மாதிரியும் தெரியவில்லை, சங்கடப்பட்ட மாதிரியும் தெரியவில்லை.

சித்தி அலைவதால் தங்கச்சிக்கும் நஷ்டம். அம்மாவைத் தனியாக அனுப்ப முடியாமல் கூடப் போகும்போதெல்லாம் அவளுக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகும். 2024-இல்தான் நாள் சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. கொழுந்து நிறை குறைந்தால் அதிலும் அரைப்பேர்தான் போடுவார்கள்.

தொழில் அலுவலகத்தைப் பற்றி நல்லதாகச் சொல்ல வேண்டும். தமிழ் பேசும் அம்மா ஒருவர் சித்தியை உட்காரவைத்து, கே படிவத்தை வரிவரியாக வாசித்துக் காட்டினார். பெயர்க் குழப்பம் தோட்டத்தாட்களிடம் தினமும் பார்க்கிற விஷயம் என்றார். சித்தி முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னார். பெருவிரலை மையில் தோய்க்கப் போனவரைத் தடுத்து, "கையெழுத்துப் போடுவீங்கதானே அக்கா?" என்று கேட்டார் அந்த அம்மா. போடுவார். இவ்வளவு நாளும் யாரும் கேட்டதில்லை.

படிவத்தை ஏற்றுக்கொண்டார்கள். பணம் இன்னும் வரவில்லை, சரி, அதற்குக் கொஞ்சம் நாளாகும். கடிதம் எந்த முகவரிக்கு வரும் என்று கேட்டேன். தோட்டத்து ஆபீசுக்கு என்றார். அதை அடித்துவிட்டு, டவுனில் மச்சான் வைத்திருக்கும் டெலிபோன் ரிப்பேர் கடை முகவரியை எழுதிக் கொடுத்தோம். மச்சான் அலுத்துக்கொள்ளவில்லை; அவர் கடைக்கு ஏற்கெனவே எத்தனையோ லயத்துக் குடும்பங்களின் கடிதங்கள் வருகின்றன.