மலிவு கைகர் கவுண்ட்டர் கிட்: எதைப் பிடிக்கும், எதைத் தவறவிடும்

பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலும் ஆன்லைனிலும் விற்கிற, எம்4011 கண்ணாடிக் குழாய் மாட்டிய, கதிர்வீச்சை எண்ணிக் காட்டும் கைகர் கவுண்ட்டர் கிட்டைத்தான் இங்கே பார்க்கிறோம். செல்போன் டவருக்குப் பயந்து வாங்குவதாக இருந்தால் காசு தண்டம். அந்த அலை அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்து அயனியாக்காது. இந்தக் குழாய்க்கு அது தெரியவே தெரியாது.

போர்டு பெரும்பாலும் மூடியில்லாமல்தான் வரும். 5 வோல்ட் கொடுத்தால் குழாய்க்குச் சுமார் 400 வோல்ட் போகும். விரல் பட்டால் சுரீரென்று இழுக்கும். குழாயைக் கிளிப்பில் மாட்டும்போது நடுக்கண்ணாடியை அழுத்தாமல் முனையைப் பிடித்து மாட்டுங்கள். வெயில் நேராக விழுந்தால் பொய் எண்ணிக்கை ஏறும், அதனால் கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி கட்டாயம்.

வீட்டில் நிமிடத்துக்கு 20, 25 என்று காட்டுவது சாதாரணம். ஒரு நிமிடம் 17, அடுத்த நிமிடம் 29 வந்தாலும் பதற வேண்டாம். 20 எண்ணினால் பிழை இருபது சதவீதத்துக்கு மேல். பத்து நிமிடம் எண்ணி 200 சேர்ந்தால் ஏழு சதவீதமாகக் குறையும். கிரானைட் மேடையில் கதிர்வீச்சு இருக்கிறதா என்பதையும் அப்படித்தான் சோதிக்க வேண்டும். கிட் வேலை செய்கிறதா என்று பார்க்க, நர்சரியில் கிடைக்கும் எம்ஓபி பொட்டாஷ் உரத்தைக் குழாயை ஒட்டி வைத்தால் போதும், அதிலுள்ள பொட்டாசியத்தின் இயற்கைக் கதிர்வீச்சால் எண் ஏறும்.

திரையில் வரும் மைக்ரோசீவர்ட்டைத்தான், அதாவது உடம்பு வாங்கும் கதிர்வீச்சின் அளவைத்தான், நம்பக்கூடாது. நிமிடத்துக்கு 151 எண்ணிக்கை என்றால் மணிக்கு 1 மைக்ரோசீவர்ட் என்பது ஒரு குறிப்பிட்ட ஆற்றலுள்ள காமா கதிருக்கான கணக்கு. இன்னொரு வகைக் கதிர்வீச்சான ஆல்ஃபா துகள் குழாயின் கண்ணாடியைத் தாண்டாது, தோலின் மேல்படலத்தையும் தாண்டாது. அதே ஆல்ஃபா, மண்ணிலிருந்து கசியும் கதிரியக்க ரேடான் வாயுவோடு நுரையீரலுக்குள் போனால் அங்குள்ள உயிரணுக்களின் டிஎன்ஏவை நேரடியாக உடைக்கும். வீட்டுக்குள் கவலைப்பட வேண்டிய விஷயம் அதுதான். இந்தக் கிட்டால் அதை அளக்க முடியாது.

இதைவிட மோசமான குறை, கதிர்வீச்சு மிக அதிகமான இடத்தில் குழாய் திணறி எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டும், சில சமயம் சுழியமே காட்டும். 2010இல் டெல்லி மாயாபுரி பழைய இரும்புக் கடைகளில், பல்கலைக்கழகம் கழித்துப்போட்ட கருவியிலிருந்த கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் ஓர் உயிரைப் பறித்தது. அதுபோன்ற இடத்தில் ஏறிக்கொண்டே வந்த எண் திடீரென விழுந்தால் ஆபத்து கூடிவிட்டது என்று பொருள், உடனே பின்வாங்குங்கள். தூரம் இரட்டிப்பானால் அளவு கால்பங்காகும்.

உடம்பில் முதலில் அடி வாங்குவது வேகமாகப் பெருகும் உயிரணுக்கள்: எலும்பு மஜ்ஜை, குடல் உட்சுவர், முடிவேர். குறுகிய நேரத்தில் 1 சீவர்ட் பட்டால் குமட்டல் வரலாம், ரத்த வெள்ளணுக்கள் சரியும். 4 சீவர்ட் அளவில், சிகிச்சை இல்லையென்றால் பாதிப் பேர் பிழைப்பதில்லை. வாந்தி எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ, அளவு அவ்வளவு அதிகம். வீட்டுப் பின்னணி மணிக்கு 0.15 மைக்ரோசீவர்ட் என்றால் ஆண்டுக்கு 1.3 மில்லிசீவர்ட், ஒரு மார்பு சிடி ஸ்கேனே சுமார் 7.

படிக்க, பிள்ளைகளுக்குக் காட்ட தாராளமாக வாங்கலாம். எக்ஸ்ரே அறையில் வேலை செய்பவர்களுக்கு உடம்பில் பட்ட மொத்தக் கதிர்வீச்சைப் பதிவுசெய்யும் டிஎல்டி பேட்ஜ்தான் கணக்கு. ஒரு விஷயம்: நம்ம மெட்ரோவில் எண் பல மடங்கு எகிறினால், பக்கத்து சீட்டில், கதிரியக்க ஃப்ளோரின்-18 மருந்தை உடம்பில் ஏற்றி எடுக்கும் பெட் ஸ்கேனை முடித்தவர் இருக்கலாம். அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறையும் நேரம், 110 நிமிடம். அவரை முறைக்காதீர்கள்.